பொறுமையும் கனிவும்: அன்பியத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அன்பியக் கூட்டம் (பங்கில் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் கூட்டம்) முடிந்து செருப்பை மாட்டும்போதுதான் பலருக்கு உண்மையான கேள்வி வாயில் வரும். வாசித்த வசனத்துக்கு எல்லாரும் தலையாட்டுவார்கள். வாசலுக்கு வந்ததும், "அதெல்லாம் சரி டீச்சர், ஆனா எங்க வீட்டுல..." என்று ஆரம்பிப்பார்கள். அப்படிக் கேட்டவற்றில் பொறுமை, கனிவு பற்றியவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. பதில்கள் திருவிவிலியத்தையும் திருச்சபைப் போதனையையும் ஒட்டியவை. என் சொந்தக் கருத்து வரும் இடத்தில் அதை அப்படியே சொல்லியிருக்கிறேன்.

பொறுமைன்னா பேசாம இருக்கிறதுதானே, டீச்சர்?

பேசாமல் இருந்துகொண்டே பத்து வருஷத்துக் கணக்கை மனசுக்குள் வைத்திருப்பவர்கள் நம் எல்லாருடைய குடும்பத்திலும் உண்டு. அதைப் பொறுமை என்று திருத்தூதர் பவுல் சொல்ல மாட்டார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 13ஆம் அதிகாரத்தில் அன்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கும்போது, முதலில் இரண்டைச் சேர்த்தே வைக்கிறார்: அன்பு பொறுமையுள்ளது, நன்மை செய்யும். அடுத்த வசனத்திலேயே அது தீங்கு நினையாது என்கிறார். பொறுத்துக்கொள்கிறவர் அந்த ஆளுக்கு நன்மையும் செய்யத் தயாராக இருக்க வேண்டும். நன்மை செய்யும் எண்ணம் இல்லாத மௌனம் பல சமயம் தண்டனைதான்.

இந்த அதிகாரத்தை நாம் கல்யாணத் திருப்பலியில் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். பவுல் அதை எழுதியது, "நான் பவுல் கட்சி, நான் அப்பொல்லோ கட்சி" என்று பிரிந்து சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு சபைக்கு. அதை நினைவில் வைத்து வாசித்தால் ஒவ்வொரு வரியும் வேறு மாதிரி கேட்கும்.

அப்ப கோபமே வரக்கூடாதா? கோபம் பாவமா?

கோபம் வருவது பாவம் இல்லை. உணர்ச்சிகள் தம்மளவில் நல்லவையும் இல்லை, கெட்டவையும் இல்லை என்பதே திருச்சபையின் போதனை. அதை வைத்து நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் பாவம் வருகிறது. சினமுற்றாலும் பாவம் செய்யாதீர்கள், பொழுது சாய்வதற்குள் சினம் தணியட்டும் என்று எபேசியர் 4:26 சொல்கிறது. கோபம் பழிவாங்கும் ஆசையாக முற்றும்போது அது தலையான பாவங்கள் ஏழில் ஒன்றாகிறது.

இயேசுவும் கோபப்பட்டார். மாற்கு 3:5-இல், கை சூம்பிய ஒருவரை ஓய்வுநாளில் குணமாக்கக் கூடாது என்று காத்திருந்தவர்களை அவர் சினத்தோடு பார்த்தார் என்று எழுதியிருக்கிறது. அந்தக் கோபம் இன்னொருவருக்காக வந்தது. நமக்கு வரும் கோபத்தில் எத்தனை பங்கு அடுத்தவருக்காக, எத்தனை பங்கு நம் மரியாதைக்காக என்று ஒருமுறை பார்த்தால் பதில் சீக்கிரம் தெரிந்துவிடும்.

குறள்லயே பொறையுடைமைன்னு தனி அதிகாரம் இருக்கே. நம்ம வேதத்துல புதுசா என்ன இருக்கு?

நல்ல கேள்வி. இன்னா செய்தவர் நாணும்படி அவருக்கு நன்மை செய்துவிடு என்று 314ஆம் குறள் சொல்வதும், பகைவர் பசித்திருந்தால் உணவு கொடு என்று உரோமையர் 12:20 சொல்வதும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. பக்கத்து வீட்டு ஆச்சி நம்மைவிடப் பொறுமைசாலியாக இருந்தால் அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லலாம். நல்ல குணம் எங்கே இருந்தாலும் அது அவர் தந்ததுதான்.

கிறிஸ்தவனுக்கு வேறுபடுவது காரணம். மத்தேயு 18-இல் ஒரு பணியாளனின் பத்தாயிரம் தாலந்துக் கடனை அரசர் தள்ளுபடி செய்கிறார். அவனோ வெளியே போய், தனக்கு நூறு தெனாரியம் தர வேண்டியவனின் கழுத்தைப் பிடிக்கிறான். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து சுமார் ஆறாயிரம் தெனாரியம். ஆக அவனுக்கு மன்னிக்கப்பட்டது ஆறு கோடி நாள் கூலி, அவன் மன்னிக்க மறுத்தது நூறு நாள் கூலி. கடவுள் என்னிடம் முதலில் பொறுமையாக இருந்தார், அதனால் நான் பொறுக்கிறேன் என்பதுதான் நம்முடைய தொடக்கம். என் நல்ல மனசைக் காட்டவோ, எதிராளியைத் தோற்கடிக்கவோ அல்ல.

என் சுபாவமே இப்படித்தான். எங்க அப்பாவும் கோபக்காரரு. இது மாறுமா?

யாக்கோபையும் யோவானையும் பாருங்கள். 'இடியைப் போன்றோர்' என்று இயேசுவே அவர்களுக்குப் பெயர் வைத்தார். தங்களை ஏற்றுக்கொள்ளாத சமாரியர் ஊரின்மேல் வானத்திலிருந்து தீ விழச் சொல்லட்டுமா என்று கேட்டவர்கள் அவர்கள் (லூக்கா 9:54). இயேசு திரும்பிப் பார்த்துக் கண்டித்தார், ஆனால் துரத்தவில்லை. அப்புறம் வேறொரு ஊருக்குப் போனார்கள். அவ்வளவுதான்.

பவுல் கலாத்தியர் 5:22-இல் பொறுமையைத் தூய ஆவியின் கனி என்கிறார். கனி ஒரே நாளில் வராது. யாக்கோபு திருமுகமும் (5:7) பயிரிடுகிறவர் முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பொறுமையோடு காத்திருப்பதைக் காட்டுகிறது. கண்மாய் எப்போது நிறையும் என்று வானத்தைப் பார்த்தே வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காத்திருக்கும் காலத்தில் சம்சாரி சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார், வரப்பைச் சரிசெய்வார். நீங்களும் உங்கள் கோபத்துக்கு எந்த நேரம், எந்த இடம் என்று கண்டுபிடியுங்கள். பலருக்கு அது காலை ஏழரை மணிக்குப் பள்ளி வேன் வருவதற்கு முன்னால். அப்படியென்றால் டிபன் பாக்ஸையும் யூனிஃபார்மையும் முந்தின ராத்திரியே எடுத்துவைப்பதும் ஜெபத்தைப் போலவே ஆன்மிகக் காரியம்தான்.

வெளியில எல்லார்கிட்டயும் நல்லா பேசுறேன். வீட்டுக்கு வந்தா எரிஞ்சு எரிஞ்சு விழுறேன். ஏன்?

ஏனென்றால் வீட்டில் யாரும் நம்மைத் திருப்பி ஒன்றும் செய்ய முடியாது. மேனேஜர் திட்டினால் பல்லைக் கடித்துக்கொள்கிறோம். அதை யாரும் பொறுமை என்று சொல்ல மாட்டார்கள், வேலை போய்விடும் என்ற பயம் அது. 301ஆம் குறள் இதைத்தான் கேட்கிறது: தன் கோபம் செல்லுபடியாகும் இடத்தில் காப்பவனே சினம் காப்பவன், செல்லாத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன? பொறுமையைப் பற்றி நான் எங்கே பேசினாலும் இந்த இடத்தில்தான் அதிக நேரம் நிற்பேன். குழந்தை, மனைவி, வயதான மாமியார், பாத்திரம் தேய்க்க வரும் அக்கா, கடைப் பையன், கல்யாண வீட்டில் இலை எடுப்பவர் ஆகியோரிடம் நாம் எப்படிப் பேசுகிறோம் என்பதுதான் நம் பொறுமையின் அளவு.

இதில் காசும் உண்டு. வேலைக்காரரிடம் இனிமையாகப் பேசிவிட்டுச் சம்பளத்தை 'அடுத்த வாரம்' என்று இழுத்தால் அந்த இனிமைக்கு மதிப்பில்லை. ஏழைக் கூலியாளுக்கு அன்றன்றைய கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்கச் சொல்கிறது இணைச்சட்டம் 24:15. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்கிறது. அது காத்திருக்கும் சம்சாரியைப் பற்றிய வசனத்துக்கு மூன்று வசனம் முன்னால் இருக்கிறது.

மாமியாரும் நானும் ஒரே அடுப்படியில. தினமும் ஏதாவது ஒண்ணு. தனியாப் போனா அன்பில்லைன்னு ஆகுமா?

ஆகாது. நம் ஊர் நகரத்தார் வீடுகளில் மணமான மகனை 'வேறு வைப்பது' என்று ஒரு வழக்கம் உண்டு. வீடு ஒன்றாக இருக்கும், அடுப்பும் செலவும் தனித்தனி. அதற்காக அவர்கள் பாசமில்லாதவர்கள் என்று யாரும் சொல்வதில்லை. கொஞ்சம் இடைவெளி விட்டால் இரண்டு பேரும் கனிவாக இருக்க முடியும் என்றால் அது நல்ல ஏற்பாடு. ஆனால் கோபித்துக்கொண்டு இரவோடு இரவாகப் போகாமல், உட்கார்ந்து பேசி, மாமியாரின் மருந்துச் செலவுக்கும் தனிமைக்கும் வழி செய்துவிட்டுப் போங்கள்.

அப்பாவுக்கு மறதி வந்துருச்சு. ஒரே கேள்வியை நூறு தடவை கேக்குறாரு. கத்திட்டு அப்புறம் அழுறேன். என்ன செய்ய?

பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, பெரியவர்கள் ஊரில் இருக்கும் நம் பக்கத்தில் இந்தக் கேள்வி வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே வருகிறது. கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் உள்ள சீராக்கின் ஞானம் என்ற நூலில் 3:12-13 இதற்கென்றே எழுதியதுபோல இருக்கிறது. தந்தையின் முதுமையில் அவருக்கு உதவு, அவருடைய அறிவாற்றல் குறைந்தாலும் பொறுமையாய் இரு, நீ இளமை மிடுக்கோடு இருப்பதால் அவரை இகழாதே என்கிறது. கிறிஸ்துவுக்குச் சுமார் 180 ஆண்டுகளுக்கு முன்பே எருசலேமைச் சேர்ந்த ஒருவர் இதை எழுதிவைக்க வேண்டியிருந்திருக்கிறது. அப்போதும் வீடுகளில் இதே கஷ்டம்தான்.

அவர் வேண்டுமென்று திரும்பக் கேட்கவில்லை. கேட்டதே அவருக்கு நினைவில்லை, அது நோய். அதனால் "இப்பத்தானே சொன்னேன்" என்பது அவருக்குப் பயன்படாது. நூறாவது தடவையும் முதல் தடவை மாதிரி சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள், அல்லது பேச்சை அவருக்குப் பிடித்த பழைய விஷயத்துக்குத் திருப்புங்கள். இறந்துபோன அம்மா எங்கே என்று கேட்டால் திருத்த முயலாமல், அம்மாவைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். டாக்டரிடம் காட்டாமல் இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். சில வகை மறதிக்குத் தைராய்டு, வைட்டமின் பி12 குறைவு போல சரிசெய்யக்கூடிய காரணங்கள் இருக்கலாம்.

தூரத்தில் இருக்கும் அண்ணன் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. போனில் "அப்பாகிட்ட பொறுமையா இரு" என்று தங்கைக்குப் புத்தி சொல்வது சுலபம். லீவு போட்டு வந்து ஒரு வாரம் அப்பாவைப் பார்த்துக்கொண்டு, தங்கையைத் தூங்க விடுங்கள். பொறுமைக்குத் தூக்கமும் வேண்டும்.

சொந்தக்காரர் கைமாத்தா வாங்கினார். நாலு வருஷமாச்சு. கேட்டா நான் கிறிஸ்தவளான்னு கேக்குறாரு. கேக்கலாமா கூடாதா?

கேட்கலாம். இதற்கும் சீராக்கின் ஞானம்தான். 29ஆம் அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள், நம் தெருவில் உட்கார்ந்து எழுதியதுபோல இருக்கும். கடன் வாங்கும்வரை கையை முத்தமிடுவார்கள், திருப்பிக் கொடுக்கும் காலம் வந்தால் நாள் கடத்துவார்கள், கிடைத்த கடனைப் புதையல் என்று நினைத்துக்கொள்வார்கள் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. வாங்கியதைக் காலத்தில் திருப்பிக் கொடு என்பதும் அங்கே கட்டளையாக இருக்கிறது. ஆகவே உங்களிடம் கிறிஸ்தவத்தைப் பற்றிக் கேட்பவர் அதே கேள்வியைத் தன்னிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்த அதிகாரம் 8ஆம் வசனத்தில் திரும்புகிறது: ஆனாலும் தாழ்நிலையில் இருப்பவரிடம் பொறுமையாய் இரு. அப்படியானால் பார்க்க வேண்டியது, அவரிடம் இல்லையா அல்லது கொடுக்க மனசில்லையா என்பதுதான். இல்லாதவர் என்றால் தவணை கொடுங்கள், வட்டியை விடுங்கள், முடிந்தால் முழுதும் விட்டுவிட்டு அதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் உங்களைப் பார்க்கும் ஒவ்வொரு விசேஷத்திலும் அவர் ஒளிந்துகொண்டே இருப்பார். இருந்தும் கொடுக்காதவர் என்றால், நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தாமல் தனியாக, தேதி குறித்துக் கேளுங்கள். புதிதாகக் கடன் கொடுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. உன்னால் முடிந்தவரை உதவு, ஆனால் நீயே விழுந்துவிடாதபடி பார்த்துக்கொள் என்று அதே அதிகாரம் (29:20) சொல்கிறது. நகையை அடகு வைத்து அடுத்தவருக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இந்த வசனத்தைப் படித்துவிட்டு அடகுக் கடைக்குப் போகட்டும்.

எழுபது தடவை ஏழுமுறை மன்னிக்கணும்னா, ஏமாத்துறவன் ஏமாத்திக்கிட்டேதானே இருப்பான்?

மன்னிப்பது வேறு, மறுபடி நம்பிச் சாவியைக் கொடுப்பது வேறு. மன்னிப்பு இன்றைக்கே கொடுக்கலாம், அது உங்கள் கையில் இருக்கிறது. நம்பிக்கையை அவர்தான் நடந்து காட்டிச் சம்பாதிக்க வேண்டும். பேதுருவுக்கு இயேசு அந்தக் கணக்கைச் சொன்ன அதே மத்தேயு 18-இல், அதற்குக் கொஞ்சம் முன்னால், உன் சகோதரர் குற்றம் செய்தால் தனியாகப் போய் எடுத்துச் சொல், கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிப் போ, அப்புறம் திருச்சபையிடம் சொல் என்று படிப்படியாகச் சொல்லியிருக்கிறார். தவறைச் சுட்டிக்காட்டுவதும் அவர் கற்பித்ததுதான்.

வீட்டுக்காரர் குடிச்சிட்டு அடிக்கிறாரு. சிலுவைன்னு நெனச்சுப் பொறுத்துக்கச் சொல்றாங்க. பொறுத்துக்கணுமா?

வேண்டாம். இதை எத்தனை தடவை கேட்டாலும் என் பதில் மாறாது. இயேசுவைத் தலைமைக் குரு வீட்டில் ஒரு காவலர் அறைந்தபோது அவர் பேசாமல் இருக்கவில்லை. நான் தவறாகப் பேசியிருந்தால் காட்டு, சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார் (யோவான் 18:23). பிலிப்பியில் அநியாயமாக அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகள் ரகசியமாக அனுப்பிவிடப் பார்த்தபோது, பவுல் அவர்களையே நேரில் வரச் சொன்னார் (திருத்தூதர் பணிகள் 16:37). அடிப்பவர் மேலும் மேலும் பாவம் செய்ய இடம்கொடுப்பது அவருக்கும் நாம் செய்யும் நன்மை ஆகாது.

கணவனோ மனைவியோ மற்றவரின் உடலுக்கோ ஆன்மாவுக்கோ பெரும் ஆபத்தை விளைவித்தால் பிரிந்து வாழ நியாயமான காரணம் உண்டு என்று திருச்சபைச் சட்டம் 1153 சொல்கிறது. நாட்டுச் சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, வீடு அவர் பெயரில் இருந்தாலும் நீங்கள் அந்த வீட்டில் இருக்கும் உரிமையை நீதிமன்றத்தில் கேட்கலாம். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098, அவசரத்துக்கு 112. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கலாம். பத்திரமான இடத்துக்குப் போன பிறகு அவருக்காக ஜெபியுங்கள், குடி மறக்கச் சிகிச்சைக்கு அனுப்புங்கள். வரிசை அதுதான். "பொறுத்துப் போம்மா" என்று சொல்லி அனுப்பும் பெரியவர்கள், அடுத்த அடிக்குத் தங்களுக்கும் பங்கு உண்டு என்பதை யோசிக்க வேண்டும்.

பூர்வீக வீட்டுல என் பங்கைத் தரமாட்டேங்குறாங்க. கோர்ட்டுக்குப் போறது பாவமா?

பாவமில்லை. ஆனால் அதுவே முதல் படியும் அல்ல. கொரிந்தியர் வழக்காடியதைப் பவுல் கண்டித்தார் (1 கொரிந்தியர் 6), தமக்கு நியாயம் கிடைக்காத இடத்தில் சீசரிடம் மேல்முறையீடும் செய்தார். மேலே சொன்ன மத்தேயு 18-இன் படிகளைக் கடந்துவிட்டுப் போங்கள். வழக்கு நடக்கும் காலத்தில் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு வர முடிந்தால், நீங்கள் வழக்கையும் உறவையும் தனித்தனியாக வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

மனசுல எரிச்சலை வச்சுக்கிட்டு சிரிச்சுப் பேசினா அது நடிப்புதானே?

ஏமாற்றுவதற்காகச் சிரித்தால் நடிப்பு. அவருக்கு நல்லது நினைக்க முயன்றுகொண்டு சிரித்தால் அது பயிற்சி. குழந்தை இயேசுவின் புனித தெரேசாள் (1873–1897) பதினைந்து வயதில் மடத்துக்குப் போனவர். எதைச் செய்தாலும் தமக்குப் பிடிக்காமல் போன ஒரு சகோதரியைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். அந்தச் சகோதரியைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்காக ஜெபித்தார், முடிந்த உதவியைச் செய்தார், வாயில் கடும்சொல் வரும்போது புன்னகைத்தார். கடைசியில் அந்தச் சகோதரி, என்னிடம் உனக்கு அப்படி என்ன பிடித்திருக்கிறது என்று கேட்டாராம். உணர்ச்சி வந்த பிறகுதான் கனிவு காட்டுவேன் என்று காத்திருந்தால் பலரிடம் கடைசிவரை காட்ட மாட்டோம்.

வாட்ஸ்அப் குரூப்புல நம்ம மதத்தைக் கேலி பண்றாங்க. அங்கயும் பொறுமையா?

ஆமாம். பதில் சொல்லுங்கள், ஆனால் பணிவோடும் மரியாதையோடும் சொல்லுங்கள் என்பது 1 பேதுரு 3:15-16. அதற்கு மேல் போனால், சமாரியர் ஊருக்குத் தீ கேட்ட இருவருக்கும் கிடைத்த கண்டிப்பு நமக்கும்தான்.

தம்பியோட பேசி ரெண்டு வருஷம் ஆச்சு. நான் நற்கருணை வாங்கலாமா?

காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் போய் உன் சகோதரரோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்று இயேசு சொன்னார் (மத்தேயு 5:23-24). உங்களால் ஆனதைச் செய்தீர்களா என்பதுதான் கேள்வி. இயலுமானால், உங்களால் முடிந்த மட்டும் எல்லாரோடும் அமைதியாக வாழுங்கள் என்கிறார் பவுல் (உரோமையர் 12:18). ஒரு போன் போட்டு, அவர் எடுக்காமல் போயிருந்தால் அது ஒரு நிலை. அவன் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் அது வேறு. இரண்டாவது என்றால் ஒப்புரவு அருள்சாதனத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) ஃபாதரிடம் பேசுங்கள். தள்ளிப்போடாதீர்கள், கிறிஸ்மஸுக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓரியூர் அருளானந்தர் மாதிரி உயிரைக் கொடுக்கிற பொறுமை நம்மளால முடியுமா?

அருளானந்தர் என்பது இங்கே போதிக்க வந்த இயேசு சபைக் குரு, புனித ஜான் டி பிரிட்டோவின் தமிழ்ப் பெயர். நாம் ஓரியூருக்குப் போய்ச் செம்மண் எடுத்து வருகிறோம், 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே அவர் தலை வெட்டப்பட்டதை நினைக்கிறோம். எனக்கு அதைவிட அதிகம் பேசுவது அதற்கு முந்தைய ஏழு வருஷம். 1686-இல் மறவ நாட்டில் (இராமநாதபுரம் பக்கம்) அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்து, இனி இங்கே போதிக்கக் கூடாது என்று விட்டார்கள். பிறகு லிஸ்பனுக்குப் போனார். அவர் பிறந்த ஊர் அது, அரசரே தங்கிவிடச் சொன்னார். அவர் 1690-இல் திரும்பி வந்தார், அடித்த அதே மண்ணுக்கு. நம்மைக் காயப்படுத்திய ஒரு வீட்டுக்குத் திரும்பப் போய் நல்லது செய்வது எந்தக் காலத்திலும் கேட்கப்படுவதுதான். அது நம்மால் முடியும் என்றே நினைக்கிறேன். ஆனால் இதை அடிவாங்கும் மனைவிக்குப் பொருத்திப் பேசாதீர்கள், அந்தப் பதிலை மேலே சொல்லியாயிற்று. அருளானந்தர் சுதந்திரமாக முடிவெடுத்துத் திரும்பினார்.

இவ்வளவும் கேட்டுட்டு மறுநாளே பிள்ளையை அடிச்சிட்டேன். என்மேலயே வெறுப்பா இருக்கு.

நீங்களும் நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டிய ஆட்களில் ஒருவர்தான். புனித பிரான்சிஸ் சலேசியார் (1567–1622) பக்தி வாழ்வு பற்றிய தம் நூலில் நம்மிடமே கனிவாக இருப்பது பற்றித் தனி அத்தியாயம் எழுதியிருக்கிறார். கோபப்பட்டதற்காக நம்மேலேயே கோபப்பட்டால் கோபம் குறையாது, இரண்டாகும் என்பது அவருடைய கவலை. விழுந்த மனசை இரக்கத்தோடு தூக்கிவிடச் சொல்கிறார்.

பிள்ளையிடம் "அம்மா அடிச்சது தப்பு" என்று சொல்லிவிடுங்கள், "ஆனா நீயும்..." என்று சேர்க்காமல். அடுத்த முறை ஒப்புரவுக்குப் போகும்போது 'கோபப்பட்டேன்' என்று பொதுவாகச் சொல்லாமல், யாரிடம், எந்த நேரத்தில், எதற்கு என்று சொல்லுங்கள். ஃபாதர் தரும் ஆலோசனையும் அப்போது உங்கள் வீட்டுக்குப் பொருந்துகிற மாதிரி இருக்கும்.